உபதேசியார் தெருவுக்குள் வந்தால்

எங்கள் ஊரில் என் பெரியப்பா மகன் தெருவுக்குள் நுழைந்தால் படுத்துக் கிடந்த நோயாளிகள் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். நோய் தீர்க்கும் வரம் எதுவும் அவருக்கு இருந்ததில்லை. அவர் கிறிஸ்தவக் கோவில் உபதேசியார், ஊரில் சாமியாருக்கு உதவியாள். தோளில் ஒரு காக்கித் துணிப் பை தொங்கும். அந்தப் பையைக் கண்டால் மூன்று மாதமாகக் கட்டிலைவிட்டு இறங்காதவர்கூட மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்.

பையில் இருந்தவை: ஒரு வெள்ளைத் துணி, இரண்டு மெழுகுதிரி, பித்தளையில் ஏசு சிலுவையில் தொங்கும் ஒரு பாடுபட்ட சுரூபம், ஒரு சீசாவில் தீர்த்தம், ஒரு பிடி பஞ்சு. சாகக் கிடக்கும் கத்தோலிக்கருக்குச் சாமியார் வந்து கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று ஒவ்வொன்றாக மந்திரித்த எண்ணெய் பூசுவார். அந்தந்த உறுப்பால் செய்த பாவம் அதனதன் இடத்திலேயே தீர்ந்துபோகும் என்பது ஏற்பாடு. இதற்கு அவஸ்தை பூசுதல் என்று பெயர். பூசிய எண்ணெயை ஒற்றி எடுக்கத்தான் பஞ்சு. எண்ணெய் சாமியாரிடம் இருக்கும். பையில் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. இதை அண்ணன் பையைத் திறந்து காட்டியே பலருக்கும் விளக்கியிருக்கிறார். பையைத் திறந்ததும் அவர்கள் ஓடிவிட்டதால் விளக்கத்தின் பின்பகுதியை யாரும் கேட்டதில்லை.

எங்கள் ஊர் குளத்தூருக்கும் ஆவூருக்கும் நடுவில், ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி இருந்தது. பங்குச் சாமியார் நாலு மைல் தள்ளி இன்னொரு ஊரில் இருந்தார். பூசினால் ஆள் போய்விடும் என்பது எங்கள் ஊரின் உறுதியான அனுபவம். மூச்சு இழுத்து, கண் செருகி, விரல் நுனி குளிர்ந்த பிறகுதான் சாமியாருக்கு ஆள் அனுப்புவார்கள். சாமியார் வருவார், பூசுவார், ஆள் போய்விடுவார். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. இவ்வளவு சுத்தமான ஆதாரத்தோடு நான் பிற்பாடு பத்திரிகையில் ஒரு செய்திகூட எழுதியதில்லை.

அண்ணனை முதலில் சாமியாராக்கத்தான் அனுப்பினார்கள். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருடம் அவர் குருமடத்துக்குப் போனார். ராஜா இல்லாமல் ஊர் என்ன ஆகுமோ என்று புதுக்கோட்டைக் கடைத்தெரு கவலைப்பட்டுக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் ஒரே ஒரு ஆட்சி மாற்றம்தான்: பெரியம்மா கோவிலில் பின்பக்கத்திலிருந்து முன்வரிசைக்கு நகர்ந்தார். சாமியாரின் தாயார் பின்னால் உட்காரக் கூடாதல்லவா.

நாலாம் வருடம் அண்ணனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நெஞ்சில் ஏதோ இருப்பதாகச் சீட்டில் எழுதியிருந்தது. ஒரு டிரங்குப் பெட்டி, பாதி லத்தீன், ஓயாத இருமல் ஆகியவற்றோடு வந்து இறங்கினார். தெருவில் ஒருவர் கேட்டார்:

"என்னப்பா, சர்வேசுரன் வேண்டாமுன்னாரா, சாமிமாரு வேண்டாமுன்னாங்களா?"

"டாக்டரு வேண்டாமுன்னாரு சித்தப்பா" என்றார் அண்ணன்.

பாதி லத்தீன் போதும் என்று பங்குச் சாமியார் அவரை உபதேசியாராக வைத்துக்கொண்டார். பெரியம்மா முன்வரிசையைவிட்டு நகரவில்லை.

பக்தி என்று நான் பத்திரிகையில் அடிக்கடி படித்திருக்கிறேன். அது பக்கத்து வீட்டில் குடியிருந்தால் எப்படி இருக்கும் என்பதைப் படித்தவர்கள் எழுதுவதில்லை. கிணற்றில் வாளி பாதி தூரம் ஏறிக்கொண்டிருக்கும்போது மத்தியான மணி அடித்தால் அண்ணன் கயிற்றை அப்படியே பிடித்துக்கொண்டு செபம் சொல்லி முடிப்பார். பின்னால் குடத்தோடு நிற்பவர்களும் வேறு வழியில்லாமல் பக்தர்கள் ஆவார்கள். சனிக்கிழமை தவறாமல் நாலு மைல் நடந்து, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போவார். அவருக்கு என்ன பாவம் கிடைத்திருக்கும் என்று எனக்கு ஒரு தொழில்முறை ஆர்வம். ஒரு தடவை அவரே சொன்னார். வெள்ளிக்கிழமை, கறி ஆகாத நாள். குளத்தூர் சந்தைப் பக்கம் ஒரு ராவுத்தர் வீட்டுக் கல்யாணத்தில் கறிக்குழம்பு கொதித்திருக்கிறது. அண்ணன் அங்கே நின்று மூச்சை இழுத்திருக்கிறார்.

"நின்னியா, நடந்துக்கிட்டே இழுத்தியான்னு சாமியார் கேட்டாரு. நின்னேன்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"அடுத்த தடவை மூக்கைப் பொத்திக்கிட்டுப் போப்பான்னாரு. அவருக்குப் பின்னால பத்துப் பேரு காத்துக்கிட்டு இருந்தாங்க."

அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. திருடாமல், குடிக்காமல், பொய் சொல்லாமல் ஒருவர் இருபத்திரண்டு வயதை எட்டினால் அவருக்குக் குழம்பு வாசனைதான் மிஞ்சும்.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு லட்சியம் இருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் நினைவு தப்பும் முன்பு, வாயால் பேசும் நிலையில், சாமியாரை அழைத்துப் பூசிக்கொள்ள வேண்டும். பூசுதல் சாவுக்குச் சீட்டு இல்லை, நோயாளிக்குத் தைரியம், ஆண்டவருக்குச் சித்தமானால் சுகமும் கிடைக்கும் என்று புத்தகத்தில் போட்டிருப்பதை வீடு வீடாகச் சொல்வார். மேலத்தெருவில் ஒரு பெரியவர் ஈளை இழுப்பில் கிடந்தார். அண்ணன் படியேறியதும் அவர் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"நான் நல்லாத்தான் இருக்கேன் தம்பி. அங்கிட்டுப் போ. எதுத்த வீட்டுக்காரிக்கு வயித்துவலியாம், அவகிட்டக் கேட்டுப் பாரு."

எதிர்வீட்டுக்காரி கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

பூசிய ஒருவர் பிழைத்தால் போதும், ஊர் பயம் தெளிந்துவிடும் என்று அண்ணன் வேண்டிக்கொண்டார். வேண்டுதல் ஒருமுறை பலித்தது. பனையிலிருந்து விழுந்த ஒருவர் மூன்று நாள் நினைவின்றிக் கிடந்தார். சாமியார் வந்து பூசினார். நாலாம் நாள் விழுந்தவர் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டார். அண்ணன் அவரைக் கையைப் பிடித்து அடுத்த ஞாயிறு பூசைக்குக் கூட்டிவந்து எல்லார் பார்வையிலும் படும்படி நிறுத்திவைத்தார். இரண்டு மாதம் கழித்து அந்த மனிதரைப் பாம்பு கடித்துவிட்டது.

"எண்ணெய் விடுமா?" என்றார் மேலத்தெருப் பெரியவர். "கொஞ்சம் லேட்டு, அவ்வளவுதான்."

இதற்குள் நான் திருச்சியில் ஒரு பத்திரிகை ஆபீசில் பிழை திருத்துபவனாகச் சேர்ந்திருந்தேன். வருடத்துக்கு ஒரு பூசை, கிறிஸ்துமஸ் அன்று. அதுவும் பெரியம்மா கேட்பார் என்பதற்காக. அறிவியல் நோக்கு உள்ளவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது. ஆபீசில் அதை மறுக்க யாரும் முன்வரவில்லை.

அண்ணனுக்கு இருமலில் ரத்தம் வர ஆரம்பித்தது ஒரு தபசுகாலத்தில், அதாவது பாஸ்கா என்னும் ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் நோன்பில். புதுக்கோட்டையில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் ஊசி போட்டு, தினம் இரண்டு முட்டை சாப்பிடச் சொன்னார். தபசுகாலத்தில் முட்டையா என்று அண்ணன் டாக்டரிடமே கேட்டிருக்கிறார். டாக்டர் வேறு மதம். அவருக்குக் கேள்வி புரியவில்லை. விஷயம் சாமியாரிடம் போனது. நோயாளிக்கு ஒருவேளை மட்டும் உண்ணும் ஒருசந்தி கிடையாது, தாராளமாகச் சாப்பிடலாம் என்று அவர் அனுமதி கொடுத்தார். ஆனால் அண்ணன் ஒருவேளைச் சாப்பாட்டோடு நாற்பது நாளையும் ஓட்டினார்.

"சாமியாரே சொல்லிட்டாருல்ல, தின்னாத்தான் என்ன?" என்று நான் சண்டை போட்டேன்.

"அனுமதி கொடுத்தாருடா. கட்டளை கொடுக்கலையே."

இப்படிப்பட்ட ஆளோடு எந்த மருந்தும் ஒத்துழைக்காது. பாஸ்கா முடிந்து சித்திரை வெயில் ஏறியபோது அவர் படுத்துவிட்டார்.

எங்கள் பங்கில் ஒரு ஏற்பாடு உண்டு. எந்த ஊரில் யார் சாகக் கிடக்கிறார்கள் என்று சாமியாருக்குத் தகவல் கொடுப்பது உபதேசியாரின் வேலை. உபதேசியாரே சாகக் கிடந்தால் யார் தகவல் கொடுப்பது என்று யாரும் யோசித்து வைக்கவில்லை. எங்கள் ஊரில் யாருக்கும் எதுவும் இல்லை என்றே சாமியார் நினைத்துக்கொண்டிருந்தார்.

நான் நாலு நாள் லீவில் வந்தேன். அண்ணனை வடக்கு அறையில் தனியாகப் படுக்க வைத்திருந்தார்கள். தலைமாட்டில் தனித் தம்ளர். பாதி ஆளாகியிருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது நலம் அல்ல.

"தம்பி, ஒரு வேலை இருக்கு. சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போய்ச் சாமியார்ட்ட சொல்லு. பூசணும்."

"யாருக்குண்ணே?"

"எனக்குத்தான்டா. இந்த வீட்டுல வேற யாரு இழுத்துக்கிட்டுக் கெடக்கா?"

"நல்லாத்தானே பேசுறீங்க."

"பேசுறப்பத்தான் பூசணும். பேச்சு நின்ன பெறகு பூசிக்கிறதுக்கா நான் இத்தனை வருசம் வீடு வீடாப் போயி ஏச்சு வாங்குனேன்?" கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நான் எந்திரிச்சிட்டேன்னு வச்சுக்க. பூசியும் ஆளு நடமாடுறான்னு ஊரே பார்க்கும்ல."

"எந்திரிக்கலைன்னா?"

"அப்பயும் எனக்கு நட்டமில்லை. சுத்தமாப் போவேன்." சிரிக்கப் பார்த்தார், அது இருமலில் முடிந்தது.

கொல்லையில் பெரியம்மா சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அறைக்குள் பேசியது அவருக்குக் கேட்டிருந்தது.

"போகப் போறியா?"

"கேக்குறாருல்ல பெரியம்மா."

"அந்தப் பையை நெல்லுக் குதிருக்குள்ள போட்டு மூடிட்டேன்."

"அதுல எண்ணெய் இல்லை பெரியம்மா. பஞ்சுதான் இருக்கு."

"பஞ்சோ, எண்ணெயோ. அது போன வீட்டுலயெல்லாம் பொணம் விழுந்திருக்கு. நீ படிச்சவன், நீ சொல்லு. விழலையா?"

விழுந்திருந்தது. உண்மையை மறுக்க எனக்குப் பயிற்சி இல்லை.

"புதுக்கோட்டையிலேருந்து புது மருந்து வருது. ரெண்டு நாளு பொறு. சாமி ஊருல இல்லைன்னு சொல்லிப்புடு. ஒம் பேச்சை அவன் நம்புவான்."

முன்வரிசையில் உட்கார்ந்து பூசை பார்த்த பெரியம்மா அப்படிச் சொன்னார். நான் சைக்கிளை எடுத்தேன். ரோட்டு முனையில் இருந்த டீக்கடைவரை போனேன். இரண்டு டீ குடித்தேன். நாலு மைல் போய்வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன்.

விவரம் இருந்தால்தான் செய்தியை நம்புவார்கள் என்று ஆபீசில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதனால் விவரமாகவே சொன்னேன். சாமியார் திருச்சிக்குப் போயிருக்கிறார். பிஷப் வீட்டில் கூட்டம். சமையல்காரர்தான் இருந்தார், அவர்தான் சொன்னார். வெள்ளிக்கிழமை மத்தியான பஸ்ஸுக்கு வந்துவிடுவாராம். வாசலில் கோழி மேய்ந்ததைக்கூடச் சொன்னதாக நினைவு. பெரியம்மா கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டார்.

"பிஷப் கூப்பிட்டாப் போகத்தானே வேணும்" என்றார் அண்ணன். "பாவம், இந்த வெயில்ல."

ஏன் பொய் சொன்னேன் என்பதை அழகாக எழுத முடியும். பெரியம்மாவின் கண்ணீர் என்று எழுதலாம். அவர் அன்று அழவே இல்லை. உண்மை இதுதான்: எண்ணெயில் ஒன்றும் இல்லை என்று நம்பிய நான், பூசினால் அண்ணன் செத்துவிடுவார் என்று பயந்தேன். மேலத்தெருப் பெரியவருக்கும் எனக்கும் இருந்த வித்தியாசம் நான் பேன்ட் போட்டிருந்தது.

அன்று சாயங்காலம் அண்ணன் இன்னொரு வழி கண்டுபிடித்தார். சாமியார் கிடைக்காத இடத்தில் பாவத்துக்கு வருந்தும் உத்தம மனஸ்தாபச் செபத்தை மனம் உருகிச் சொன்னால் போதும் என்று விதி இருக்கிறதாம்.

"எனக்கு மூச்சுப் பத்தாது. நீ சொல்லு, நான் கூடவே நெனச்சுக்கிறேன்."

சின்ன வயதில் எனக்கு அது பாடம். இப்போது இரண்டு வரியோடு நின்றுவிட்டது.

"பத்திரிகைக்காரனுக்கு ரெண்டு வரிதான் தெரியுமா?" என்றார். பிறகு மீதியை ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துக் கொடுத்தார். நான் அதைத் திருப்பிச் சொன்னேன். தவறாகச் சொன்ன இடத்தில் நிறுத்தித் திருத்தினார். மூச்சை மிச்சப்படுத்தத்தான் என்னைச் சொல்லச் சொன்னது. இருந்த மூச்சையெல்லாம் எனக்குப் பாடம் எடுத்தே செலவழித்தார்.

மறுநாள் புதன்கிழமை. காலையில் ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அந்த வட்டாரத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தது ஒரே ஒருவர்.

"சாமியாரு வண்டி மாதிரி இருக்கே."

"லாரிண்ணே."

"லாரிதான் போல" என்றார்.

வியாழக்கிழமை முற்பகலில் தண்ணீர் கொடுக்கும்போது அவர் விரலைத் தொட்டேன். வெளியே கல் சுட்டுக்கொண்டிருந்தது. விரல் நுனி குளிர்ந்திருந்தது. எங்கள் ஊரில் சாமியாருக்கு ஆள் அனுப்பும் கட்டம் எது என்று எனக்குத் தெரியும். ஊர் வழக்கத்தை ஒரு நிமிடம்கூட முந்தாமல் நானும் அப்போதுதான் கிளம்பினேன். இந்தத் தடவை டீக்கடையில் நிற்கவில்லை.

சாமியார் சாப்பிட உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதும் இலையைவிட்டு எழுந்தார்.

"உபதேசியாருக்கா? நேத்து ஒங்க ஊரு ரோட்டு வழியாத்தானே போனேன். ஒருத்தர் சொல்லலையே. அவராவது சொல்லிவிட்டிருக்கக் கூடாதா?"

நான் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டேன்.

தெருவுக்குள் நுழையும்போதே அழுகைச் சத்தம் கேட்டது. சாமியார் உள்ளே போய் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டார். இப்பத்தான் சாமி என்றார்கள். உயிர் எந்த நிமிடத்தில் முழுதாகப் பிரிகிறது என்று யாருக்கும் தெரியாததால், 'ஒருவேளை உயிர் இருந்தால்' என்று ஒரு நிபந்தனையோடு பூச இடம் உண்டாம். எங்கள் ஆபீசிலும் நிச்சயமில்லாத செய்திக்கு இதே மாதிரி ஒரு வார்த்தை சேர்ப்போம்.

"துணி, மெழுகுதிரியெல்லாம் எங்க?" என்று கேட்டார் சாமியார்.

அதையெல்லாம் எடுத்து வைக்க வேண்டியவர் கட்டிலில் கிடந்தார். எல்லாரும் பெரியம்மாவைப் பார்த்தார்கள். அவர் எழுந்து குதிருக்குப் போனார். தோள்வரை கையைவிட்டுத் துழாவிப் பையை இழுத்தார். நெல் தரையெல்லாம் சிதறியது. ஸ்டூலை இழுத்துப்போட்டு வெள்ளைத் துணியை விரித்தார். சுரூபத்தை நடுவிலும் மெழுகுதிரிகளை இரண்டு பக்கமும் வைத்தார். எது எங்கே என்று ஒரு தப்பு இல்லை. மகன் எத்தனையோ தடவை பையில் அடுக்கியதைப் பார்த்தவர்.

"பூசுங்க சாமி" என்றார். "இனிமே அது என்ன செஞ்சிரப் போவுது."

கண்ணில் பூசினார், காதில் பூசினார். மூக்கில் பூசியபோது எனக்குக் குளத்தூர் ராவுத்தர் வீட்டுக் குழம்பு ஞாபகம் வந்தது. பஞ்சில் இரண்டு நெல் ஒட்டியிருந்தது. சாமியார் அதைத் தட்டிவிட்டுவிட்டு ஒற்றினார்.

அண்ணனுக்கு அப்போது இருபத்தாறு வயது. திருச்சி போனதும் எங்கள் பத்திரிகையில் மூன்று வரி இறப்புச் செய்தி போட்டேன். கத்தோலிக்கருக்கு வழக்கமாக ஒரு வாசகம் உண்டு: தேவதிரவிய அனுமானங்களைப் பெற்று மரித்தார். அதாவது பூசுதல் முதலிய கடைசிச் சடங்குகள் முறையாக நடந்தன என்று பொருள். அச்சுக் கோப்பவர் வழக்கப்படி அதையும் சேர்த்துவிட்டார். அச்சுப்படி என் மேசைக்கு வந்தது. பிழை திருத்துவது என் வேலை. அந்த வரியைத் திருத்தாமல் அனுப்பினேன்.

ஊரில் நடந்ததை அண்ணன் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பாரா, நொந்திருப்பாரா என்று சொல்லத் தெரியவில்லை. பூசாமலே ஒருவர் செத்துவிட்டார், அதுவும் உபதேசியார். மேலத்தெருப் பெரியவர் இதை நாலைந்து நாள் யோசித்திருக்கிறார்.

"பூசலைன்னாலும் போறவன் போறான்யா. அப்ப எண்ணெய் மேல தப்பில்லை" என்று தீர்ப்புச் சொன்னார். அடுத்த மழைக்காலத்தில் ஈளை முற்றியதும் தானே ஆள் அனுப்பிச் சாமியாரை வரவழைத்து, கட்டிலில் உட்கார்ந்தபடி, வலது காலை முதலில் நீட்டிப் பூசிக்கொண்டாராம். அண்ணன் வாழ்நாள் முழுவதும் அலைந்து சாதிக்க முடியாததை, அவருக்குக் கிடைக்காமல் போனது சாதித்துக் கொடுத்தது.

ஏழெட்டு வருடம் கழித்து, பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம், பெரியம்மாவுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. தகவல் வந்து நான் போனபோது வடக்கு அறையில்தான் படுத்திருந்தார். நாக்குக் குழறியது, ஆனால் சொன்னது தெளிவாகவே இருந்தது.

"போய்ச் சாமியைக் கூட்டிட்டு வா. ஊருல இல்லைன்னு வந்து நிக்காத."

நான் நாலு மைலும் போனேன். புதுச் சாமியார் வந்து பூசினார். பெரியம்மா முழு நினைவோடு கையைக் காட்டினார், காலைக் காட்டினார். காய்ச்சல் ஒன்பதாம் நாள் இறங்கியது. அடுத்த மாதம் நான் மறுபடி போனபோது அவர் வாசலில் புழுங்கல் காயப்போட்டுக் காலால் கிளறிக்கொண்டிருந்தார்.

"பூசினாங்க. பாரு, நிக்கிறேன்" என்றார்.

நல்லது என்றேன். அவர் இரண்டு தடவை கிளறிவிட்டு நின்றார்.

"அன்னைக்கு நீ போயிருந்தா அவனும் எந்திரிச்சிருப்பானா தம்பி?"

மருத்துவப்படி அர்த்தமில்லாத கேள்வி. அதனால் நான் மருத்துவப்படியே பதில் சொன்னேன். படத்தில் இரண்டு பக்க நெஞ்சும் அரித்துப்போயிருந்ததைச் சொன்னேன். ஊசியை ஆரம்பத்திலேயே போட்டிருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். பட்டினி கிடந்ததால் மருந்து பிடிக்கவில்லை என்பதையும், விஷக்காய்ச்சல் வேறு, நெஞ்சுநோய் வேறு என்பதையும் சொன்னேன். எல்லாம் உண்மை. ஒரு வார்த்தை கூட்டவில்லை.

பெரியம்மா பொறுமையாகக் கேட்டார்.

"நீ வெவரமாச் சொன்னாலே எனக்குப் பயமா இருக்குய்யா" என்று சொல்லிவிட்டு நெல்லைக் கிளறப் போனார்.